குடுவை புளித்தபின் செல் ஏன் நிற்கிறது: காற்றில்லா பாக்டீரியா வளர்ப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரவு விதைத்த குடுவை காலையில் பாதி வளர்ந்து நின்றிருக்கும். சர்க்கரையை அளந்தால் பாதிக்கு மேல் மிச்சம். பிஎச் 5.1. "பிஎச் இறங்கியதால் வளர்ச்சி நின்றது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, குடுவையை ஊற்றிவிட்டு, அடுத்ததை விதைப்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பொய்யான வரி இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த குடுவையைக் காப்பாற்ற முடியாது.

ஒரு நாள் அதே இனத்தைப் புது ஊடகத்தில் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து முதலிலேயே 5.1-க்கு இறக்கிப் பார்த்தேன். மெதுவாகத்தான், ஆனால் வளர்ந்தது. தான் சுரந்த அசிட்டிக் அமிலத்தால் 5.1-க்கு வந்தபோது நின்ற அதே செல்தான். மீட்டர் இரண்டு குடுவைக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. செல்லுக்கு இரண்டும் வேறு உலகம். அதன்பின் பிஎச் எண்ணை மட்டும் கேட்டு யாருக்கும் நான் பதில் சொல்வதில்லை. வெளி பிஎச் என்ன, உள் பிஎச் என்ன, ஊடகத்தில் கரிம அமிலம் மொத்தம் எத்தனை மில்லிமோலார், பொட்டாசியம் எத்தனை: இந்த நான்கையும் கேட்பேன். கீழே உள்ள எல்லா அறிகுறிகளும் இந்த நான்கைச் சுற்றித்தான் வருகின்றன.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

செல்லைச் சூழ்ந்த சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) சமமில்லாமல் இருப்பதே செல்லின் சேமிப்பு என்று பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னார். 1978-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மூச்சு விடும் பாக்டீரியாவில் எலக்ட்ரான் சங்கிலி புரோட்டானை வெளியே தள்ளும், திரும்பி உள்ளே பாயும் புரோட்டான், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்து கொடுக்கும். நொதித்துப் பிழைக்கும் காற்றிலிகள் பலவற்றில் இந்த யந்திரம் தலைகீழாக ஓடுகிறது. சர்க்கரையை உடைத்துச் சம்பாதித்த ஏடிபியில் ஒரு பங்கை எரித்து, அதே நொதி (ஏடிபியேஸ்) புரோட்டானை வெளியே தள்ளுகிறது. சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போவது போல. வெளியே புளிக்கப் புளிக்க வாடகை ஏறும்.

எவ்வளவுதான் தள்ள முடியும்? செல்லுக்குள் ஒரு மோல் ஏடிபி பிளந்தால் கிடைப்பது ஏறக்குறைய 45 முதல் 50 கிலோஜூல். ஈ. கோலையில் இருப்பது போல அந்த நொதியில் 10 உபஅலகு கொண்ட சுழல் வளையம் என்றால் 3 ஏடிபிக்கு 10 புரோட்டான், அதாவது ஏடிபி ஒன்றுக்கு 3.3. வகுத்துப் பார்த்தால் இந்தப் புரோட்டான் விசைக்கு உச்சவரம்பு 140 முதல் 155 மில்லிவோல்ட். 37 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகு வேறுபாடு 61.5 மில்லிவோல்ட்டுக்குச் சமம். ஆக, அந்த விசை முழுவதையும் பிஎச் வேறுபாடாக மாற்றினாலும் உள்ளுக்கும் வெளிக்கும் 2.3 முதல் 2.5 அலகுதான் வித்தியாசம் வைக்க முடியும். உள்ளே 7.0 வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் செல்லுக்கு வெளியே 4.6 ஆனதும் கதை முடிந்தது. எத்தனை ஏடிபி இருந்தாலும் அதற்குக் கீழே பம்பு தள்ளாது.

இதில் "முழுவதையும் மாற்றினாலும்" என்ற இடத்தில்தான் பொட்டாசியம் வருகிறது. புரோட்டான் நேர்மின் சுமையோடு வெளியே போகிறது. உள்ளே எதிர்மின் சுமை தேங்குகிறது. கொஞ்சம் புரோட்டான் போனதுமே சவ்வு மின்னழுத்தம் ஏறி, பம்பை எதிர்த்து நிற்கும். பிஎச் அசைந்தே இருக்காது. போன புரோட்டானுக்கு ஈடாகப் பொட்டாசியம் உள்ளே வந்தால்தான் மின்னழுத்தம் தணியும், பம்பு மேலும் ஓடும், பிஎச் வேறுபாடு வளரும். ஊடகத்தில் பொட்டாசியம் இல்லையென்றால் செல்லிடம் மின்னழுத்தம் இருக்கும், பிஎச் வேறுபாடு இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி மர்மங்கள் இங்கேயே அவிழும்.

"சர்க்கரை மிச்சம் இருக்கிறது, செல் நின்றுவிட்டது"

எனக்கு அதிகம் வரும் புகார் இது. இதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் எப்போதும் கரிம அமிலத்தின் மேல் இருக்கட்டும். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலம் பிரிந்திருக்கும் பிஎச்) 4.76, புரோபியோனிக் 4.87, பியூட்டிரிக் 4.82, லாக்டிக் 3.86. புரோட்டானை விடாத, அதாவது பிரியாத வடிவத்தில் இவை சவ்வைத் தாண்டி உள்ளே நழுவும். உள்ளே பிஎச் அதிகம் என்பதால் அங்கே பிரியும். பிரிந்தபின் மின்சுமை ஏறிய அசிட்டேட் சவ்வைத் தாண்டி எளிதில் திரும்ப முடியாது. எலிப்பொறி மாதிரி.

ஒரு குடுவையை எடுத்துக்கொள்வோம். மொத்த அசிட்டேட் 50 மில்லிமோலார், வெளி பிஎச் 5.0. இதில் பிரியாத வடிவம் 36.5 சதவீதம், அதாவது சுமார் 18 மில்லிமோலார். இது உள்ளேயும் வெளியேயும் சமமாகும்வரை நகரும். உள்ளே பிஎச் 7.0 என்று செல் பிடித்து வைத்தால், 18 மில்லிமோலார் பிரியாத அமிலத்தோடு சமநிலையில் நிற்க வேண்டிய அசிட்டேட் எவ்வளவு? 3,100 மில்லிமோலாருக்கு மேல். கடல்நீரில் இருக்கும் சோடியத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல். எந்தச் செல்லும் அதைத் தாங்காது. அதே செல் உள் பிஎச்சை 5.8-க்கு இறங்கவிட்டால் உள்ளே சேரும் அசிட்டேட் 200 மில்லிமோலார் அளவில் நின்றுவிடும். அது கஷ்டம்தான், ஆனால் பிழைக்கலாம்.

ஆக, உள்ளே நடுநிலையைக் காப்பதுதான் வீரம் என்ற எண்ணம் காற்றிலிகளிடம் செல்லாது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ், வெளி பிஎச் இறங்க இறங்கத் தன் உள் பிஎச்சையும் கூடவே இறக்கிக்கொண்டு போகும்; வேறுபாட்டைச் சிறிதாகவே வைத்திருக்கும். அதனால் 5-ஐ ஒட்டியும் வளரும். அதே இரைப்பையில் நார்ப்பொருளை உடைக்கும் ஃபைப்ரோபாக்டர் சக்சினோஜீனஸுக்கு அந்த வளைந்து கொடுக்கும் குணம் இல்லை. பிஎச் 6-க்குக் கீழே போனால் அது வளர மறுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று குடுவை. ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மட்டும், வளர்ச்சி நின்ற பிஎச்சுக்கு இறக்கிய புது ஊடகம். இரண்டாவதில் அதே பிஎச், கூடவே 50 மில்லிமோலார் பொட்டாசியம் அசிட்டேட். மூன்றாவதில் அதே பிஎச், 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், அசிட்டேட்டோடு சேர்ந்து போகும் பொட்டாசியத்தின் விளைவைத் தனியே பிரித்துக் காட்டுவது அதுதான். எல்லாரும் அலமாரியில் இருக்கும் சோடியம் அசிட்டேட்டை எடுத்துவிடுவார்கள். அப்புறம் நின்றது அசிட்டேட்டாலா சோடியத்தாலா என்று தெரியாமல் ஒரு வாரம் போகும்.

இரண்டாவது மட்டும் நின்றால் அமிலத்தின் வேலை. அப்போது உள் பிஎச்சை அளக்கவும். உள் பிஎச் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வளர்ச்சி இல்லை என்றால் அயனித் தேக்கம்: செல் புரோட்டானோடு நடத்திய சண்டையில் ஜெயித்து, அசிட்டேட்டிடம் தோற்றிருக்கிறது. உள் பிஎச்சும் சரிந்து, ஏடிபியும் வற்றியிருந்தால் புரோட்டான் கசிவு பம்பின் திறனைத் தாண்டிவிட்டது. இரண்டையும் ஒரே பெயரால் "அமில நச்சு" என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை, ஏனென்றால் மருந்து வேறு. கசிவுக்கு ஆற்றல் கொடுத்தால் பலன் உண்டு. தேக்கத்துக்கு எவ்வளவு சர்க்கரை ஊற்றினாலும் பலனில்லை, இன்னும் அமிலம்தான் கூடும். அமிலத்தை வெளியேற்ற வேண்டும், அல்லது வெளி பிஎச்சை உயர்த்த வேண்டும். அதே 50 மில்லிமோலார் அசிட்டேட்டுக்கு வெளி பிஎச் 6.5 என்றால், உள்ளே 7.0 இருந்தாலும் சேர்வது சுமார் 155 மில்லிமோலார்தான். ஒன்றரை அலகு உயர்த்தியதில் 20 மடங்கு இறக்கம்.

ஈ. கோலையில் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: உள்ளே அசிட்டேட் குவியும்போது செல் தன் குளூட்டமேட்டைக் குறைத்து அதற்கு இடம் விடுகிறது, மெத்தியோனைன் தயாரிப்பும் அடிபடுகிறது. அதனால் ஊடகத்தில் மெத்தியோனைன் சேர்த்தால் வளர்ச்சி ஓரளவு மீள்கிறது. உங்கள் இனத்திலும் ஒரு குழாயில் சோதித்துப் பார்க்கலாம், செலவில்லாத சோதனை.

முதல் குடுவையே, அதாவது வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே நிறுத்திவிட்டால் பொட்டாசியத்தைப் பாருங்கள். 1 மில்லிமோலாரிலிருந்து 20-க்கு ஏற்றி மறுபடி விதையுங்கள். சோடியம் பாஸ்பேட்டில் தயாரித்த ஊடகங்களில் பொட்டாசியம் என்பது ஈஸ்ட் சாற்றில் ஒட்டிக்கொண்டு வருவது மட்டும்தான். பொட்டாசியம் கொடுத்தும் அசையவில்லை, முன்னே போட்ட கணக்கின் 2.3 அலகையும் தாண்டவில்லை என்றால், ஏதோ ஒரு நொதி அந்தப் பிஎச்சில் வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

"சர்க்கரை தீர்கிறது, ஆனால் செல் எடை தேறவில்லை"

இங்கே எல்லாரும் உடனே "கசிவு" என்பார்கள். அதற்கு முன் கூட்டல் கழித்தல் செய்யுங்கள்.

1960-இல் பாச்சாப்பும் எல்ஸ்டனும் ஒரு மோல் ஏடிபிக்கு ஏறக்குறைய 10.5 கிராம் உலர் செல் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். பின்னால் பலர் அந்த எண் இடத்துக்கு இடம் மாறும் என்று காட்டினாலும், ஒரு குடுவையை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும். 10 மில்லிமோல் குளுக்கோஸ் முழுவதும் லாக்டேட்டாகப் போனால் 20 மில்லிமோல் ஏடிபி, சுமார் 0.21 கிராம் செல். அதே குளுக்கோஸ் அசிட்டேட், எத்தனால், ஃபார்மேட் என்று பிரிந்தால் 30 மில்லிமோல் ஏடிபி, 0.315 கிராம். பாதை மாறியதாலேயே விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு புரோட்டான்கூடக் கசிய வேண்டியதில்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸில் நடப்பது அப்படியே இது. பிஎச் இறங்கும்போது சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை ஃபார்மேட்டாகப் பிளக்கும் நொதி தளர்ந்துபோகும். ஃபிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட்டால் தூண்டப்பட்டு, பைருவேட்டை லாக்டேட்டாக்கும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் மேலோங்கும். இன்னும் புளிப்பான அமிலம், இன்னும் குறைந்த ஏடிபி. தன் காலில் தானே கோடரி போட்டுக்கொள்வது போலத் தெரியும். அண்டை இனங்கள் முதலில் சாகும் இடத்தில் அது லாபமான வியாபாரம்.

ஆனால் எச்சரிக்கை: அந்த ஃபார்மேட் நொதி ஆக்சிஜன் பட்டாலும் உடைந்துவிடும். ரப்பர் மூடியில் கசிவு இருந்தாலும் உங்களுக்கு இதே லாக்டேட்தான் வரும். ஆக்சிஜன் பட்டால் இளஞ்சிவப்பாகும் காட்டிச் சாயமான ரெசாசுரின் நிறமற்றுத்தான் இருந்ததா, இரவில் எப்போதாவது இளஞ்சிவப்பு ஏறியதா என்று பார்க்காமல் பழியை அமிலத்தின் மேல் போடாதீர்கள். ரெசாசுரின் காலையில் நிறமற்று இருப்பதும் சாட்சி ஆகாது. செல்களே மறுபடி ஒடுக்கி நிறத்தைப் போக்கிவிடும்.

விளைபொருள்களை அளந்து ஏடிபி கணக்குப் போட்டபின்னும் எடை குறைகிறதா? 0.21 வர வேண்டிய இடத்தில் 0.12 வருகிறதா? அப்போதுதான் பம்பு தின்கிறது. சோதனை: வளராத செல்களை எடுத்து (நைட்ரஜன் மூலம் இல்லாமல், அல்லது புரதத் தயாரிப்பை நிறுத்தும் குளோராம்பெனிக்கால் போட்டு) குளுக்கோஸ் கொடுங்கள். பிஎச் 7-இலும் 5.5-இலும் குளுக்கோஸ் குறையும் வேகத்தை ஒப்பிடுங்கள். பின் டிசிசிடி என்ற தடுப்பானைச் சேர்த்து ஏடிபியேஸை முடக்குங்கள். 5.5-இல் கூடுதலாகச் செலவான குளுக்கோஸ் டிசிசிடியால் நின்றால் அது புரோட்டான் வாடகை. எண்டெரோகாக்கஸ் ஹிரேயில் உள் பிஎச் இறங்கும்போது சவ்வில் ஏடிபியேஸின் அளவே கூடுகிறது என்பது பழைய, உறுதியான முடிவு. ஆகவே அமிலத்தில் பழகிய செல்லையும் பழகாத செல்லையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

தொடர் வளர்ப்புக் கலம் கையில் இருந்தால், வெவ்வேறு நீர்ப்பு வேகங்களில் (புது ஊடகம் நுழையும் வேகம்) ஓட்டி, பர்ட் 1965-இல் காட்டியபடி, வளர்ச்சிக்கல்லாமல் உயிர்வாழவே செலவாகும் பராமரிப்பு ஆற்றலைப் பிரித்தெடுக்கலாம். மெதுவாக வளரும் செல்லுக்குத்தான் வாடகை வலிக்கும். வேகமாக வளரும்போது அதே வாடகை கண்ணில் படாது.

லாக்டேட் வெளியேறும்போது புரோட்டானையும் கூட்டிக்கொண்டு போய்ச் செல்லுக்குக் கொஞ்சம் விசை சம்பாதித்துக் கொடுக்கும் வழியும் உண்டு. அது வெளியே லாக்டேட் குறைவாகவும் பிஎச் நடுநிலையிலும் இருக்கும்வரைதான். அமிலம் கூடினால் லாக்டேட்டோடு போகும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றை நெருங்கும், லாபம் ஒன்றுமிராது. ஆக, குடுவையின் முதல் சில மணி நேர விளைச்சலும் கடைசி சில மணி நேர விளைச்சலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

"ஒரே செய்முறை, இரண்டு குடுவை, இரண்டு பிஎச்"

இது செல்லின் குற்றம் இல்லை. வாயுவைப் பாருங்கள். பைகார்பனேட் ஊடகத்தில் பிஎச்சைத் தீர்மானிப்பது மேலே நிற்கும் கார்பன் டை ஆக்சைடு. முழுக் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் 20 சதவீதம் கலந்த நைட்ரஜனை அடைத்தால் பிஎச் 0.7 அலகு ஏறும். திறந்த குவளையில் அளந்தால், அளக்கும்போதே வாயு பறந்து எண் ஏறிக்கொண்டே போகும். மூடிய குப்பியில், வளர்க்கும் வெப்பநிலையில் அளக்கவும். பிஎச் 6-க்குக் கீழே பைகார்பனேட்டை நம்பவும் வேண்டாம், அங்கே அதற்குத் தாங்கும் வலு கொஞ்சம்தான். எம்இஎஸ் பஃபர் நல்லது, பிகேஏ 6.1. அசிட்டேட் பஃபரை இந்தச் சோதனைகளில் தொடவே கூடாது; காரணம் மேலே இருக்கிறது.

ஆக்சிஜனைப் போக்கும் ஒடுக்கியாகச் சோடியம் சல்ஃபைடு போட்டால் பிஎச் ஏறும், சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு போட்டால் இறங்கும். சல்ஃபைடு ஊடகத்தில் தினமும் முக்கும் மின்முனையின் ஒப்புப் பகுதி கறுத்து, எண் மெல்ல நகரத் தொடங்கும். இரட்டைச் சந்தி உள்ள மின்முனை வாங்குங்கள்.

"கசிவூட்டி போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை"

புரோட்டானைச் சவ்வு வழியே கசிய வைக்கும் சிசிசிபி எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். காற்றிலி ஊடகத்தில் ஒடுக்கியாகச் சிஸ்டீனோ டைதையோதிரீட்டாலோ இருக்கும்; இவை கந்தகம் கொண்ட தையால்கள். தையாலோடு வினைபுரிந்து சிசிசிபி செயலிழக்கும். இந்த உண்மையை நான் இரண்டு மாதம் செலவழித்துக் கற்றேன். செறிவை ஏற்றிக்கொண்டே போனேன், "இந்த இனம் புரோட்டானைப் பயன்படுத்துவதே இல்லை" என்று ஒரு கூட்டத்தில் சொல்லியும் விட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர், "தம்பி, உன் ஊடகத்தில் தையால் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

டெட்ராகுளோரோசாலிசிலனிலைடு, சுருக்கமாக டிசிஎஸ், இந்தத் தொல்லை இல்லாதது. காற்றிலி வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

"உள் பிஎச் அபத்தமான எண் காட்டுகிறது"

எந்த முறையில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பச்சை ஒளிர்புரத்தின் பிஎச் உணரும் வகையை மரபணு வழியாகச் செருகியிருந்தால், கண்டிப்பான காற்றிலியில் இருட்டுதான் மிஞ்சும். அந்தப் புரதத்தின் நிறமையம் உருவாக ஆக்சிஜன் வேண்டும். குளோனிங் முடித்து, வரிசை சரிபார்த்து, நுண்ணோக்கியில் இருட்டைப் பார்த்தபின் இது நினைவுக்கு வருவது வழக்கம்.

ஒளிர்வை வைத்து பிஎச் காட்டும் பிசிஇசிஎஃப் சாயத்தின் பிகேஏ 7-ஐ ஒட்டியது. உள் பிஎச் 6-க்குக் கீழே போனால் அது கண்ணைக் கட்டிக்கொண்டதற்குச் சமம். சிஎஃப்எஸ்இ இன்னும் கொஞ்சம் கீழே வரை உதவும்.

கதிரியக்கக் கார்பன் கொண்ட பென்சோயிக் அமிலம் உள்ளும் புறமும் பங்கிடுவதை வைத்து அளப்பதே இன்னும் என் தேர்வு. பிகேஏ 4.2. வெளி பிஎச் மிகக் கீழே என்றால் சாலிசிலிக் அமிலம், பிகேஏ 3. மைக்ரோமோலார் அளவுக்கு மேல் போகக் கூடாது. போனால் அளக்க வந்த அமிலமே செல்லைப் புளிக்க வைக்கும். அசிட்டிக் அமிலத்தை அசிட்டேட் உண்ணும் இனத்தில் பயன்படுத்தினால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. செல்லைச் சிலிகான் எண்ணெய் வழியே சுழற்றிப் பிரிக்கும்வரை சர்க்கரை தீராமல் இருக்க வேண்டும். பசித்த செல் சில நிமிடத்தில் வேறுபாட்டை இழந்துவிடும். நீங்கள் அளப்பது பசியை.

சரிபார்க்க நைஜெரிசின் போடுவார்கள். "நைஜெரிசின் போட்டால் பிஎச் வேறுபாடு பூஜ்ஜியம்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. நைஜெரிசின் பொட்டாசியத்தையும் புரோட்டானையும் மாற்றிக்கொள்ளும். இரண்டின் சரிவும் சமமாகும்வரை ஓடும். வெளியே பொட்டாசியம் குறைவு, உள்ளே அதிகம் என்றால் பொட்டாசியம் வெளியே பாய்ந்து புரோட்டான் உள்ளே ஏறும், உள் பிஎச் வெளியை விடவும் கீழே போகும். பூஜ்ஜியம் வேண்டுமென்றால் வெளிப் பொட்டாசியத்தை உள்ளே இருக்கும் அளவுக்கு உயர்த்தி, பொட்டாசியத்தை மட்டும் சவ்வு வழியே கடத்தும் வாலினோமைசினையும் சேர்த்துப் போடுங்கள்.

மின்னழுத்தம் அளக்கும் டெட்ராஃபினைல்பாஸ்போனியம் செல் உறையில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. விசையிழந்த செல்லில் ஒட்டியதைக் கழிக்காமல் எழுதினால் மின்னழுத்தம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். 200 மில்லிவோல்ட் என்று எழுதும் நொதிப்பு பாக்டீரியா அறிக்கையைப் பார்த்தால் எனக்கு இந்தக் கழித்தல்தான் முதலில் நினைவுக்கு வரும். மேலே போட்ட ஏடிபி கணக்கின் உச்சவரம்பையே அது தாண்டுகிறது.

"காரத்தை மாற்றினேன், நடத்தையே மாறிவிட்டது"

பிஎச் கட்டுப்பாட்டுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்ந்து யாரோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மாட்டினார்கள். கலம் நின்றது. அல்லது நேர்மாறாக, முன்பு திணறியது ஓடத் தொடங்கியது. இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் காற்றிலியும் புரோட்டானில் வாழ்வதில்லை. பீட்டர் டிம்ரோத் 1980-இல் கிளெப்சியெல்லாவின் ஆக்சலோஅசிட்டேட் டீகார்பாக்சிலேஸ் ஒரு சோடியம் பம்பு என்று காட்டினார். புரோபியோனிஜீனியம் மோடெஸ்டம் சக்சினேட்டைப் புரோபியோனேட்டாக்கி, அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைச் சோடியச் சரிவாகச் சேர்த்து, சோடியத்தால் சுழலும் ஏடிபி சிந்தேஸை ஓட்டுகிறது. அசிட்டோபாக்டீரியம் வூடியில் ஆர்என்எஃப் என்ற சவ்வுத் தொகுதியே சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அதன் உறவான கிளாஸ்ட்ரிடியம் யூங்டாலியில் அதே ஆர்என்எஃப் புரோட்டானில் ஓடுகிறது. பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சோடியத்தில் ஓடும் செல்லுக்குப் புளிப்பு நேரடியாக விசையைத் தொடாது. உள் பிஎச்சைக் காப்பது மட்டும் தனிச் செலவு. ஆனால் சோடியம் வற்றினால் எந்தப் பிஎச்சிலும் பட்டினி. காரக் குப்பியிலிருந்து சொட்டு சொட்டாகச் சோடியம் வந்துகொண்டிருந்ததால் அந்தத் தேவை இதுவரை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம்: பொட்டாசியம் பற்றாமல் திணறிய புரோட்டான் இனத்துக்கு, புதுக் காரம் ஓசியில் பொட்டாசியம் ஊட்டியது.

கண்டுபிடிக்கும் வழி: சோடியத்தை மட்டும் மாற்றி ஒரு வரிசை. 0.5, 2, 10, 50 மில்லிமோலார். அயனிச் செறிவைப் பொட்டாசியம் குளோரைடால் சமன் செய்யவும். ஊடகத்தில் "சோடியம் சேர்க்கவில்லை" என்பதை நம்ப வேண்டாம். ஈஸ்ட் சாறு, சோடியம் சல்ஃபைடு, கண்ணாடி எல்லாம் கொஞ்சம் தரும். அதன்பின் டிசிஎஸ் ஒரு குழாயில், சோடியத்தைக் கசியவைக்கும் ஈடிஎச் 2120 இன்னொன்றில். இரண்டாவது மட்டும் விசையைக் குலைத்தால் சோடியம். மோனென்சினை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது சோடியத்துக்குப் புரோட்டானை மாற்றிக் கொடுக்கும், சில நேரம் பொட்டாசியத்தையும் தொடும், விடை குழம்பும்.

தூய நொதி கையில் இருந்தால் அழகான சோதனை ஒன்று உண்டு. டிசிசிடி ஒட்டும் அதே கார்பாக்சில் தொகுதியில்தான் சோடியமும் உட்காருகிறது. சோடியம் இருந்தால் டிசிசிடி ஒட்ட முடியாது, நொதி தப்பும். பிஎச் இறங்கினால் டிசிசிடி வேகமாகப் பற்றும். இங்கே ஒரு பொறி: மோடெஸ்டத்தின் நொதி, சோடியம் மிகக் குறைந்து பிஎச்சும் இறங்கினால், சோடியத்துக்குப் பதில் புரோட்டானையே தள்ளத் தொடங்கும். அமிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு "இது புரோட்டான் நொதி" என்று எழுதியிருந்தால், நடுநிலை பிஎச்சில் ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள்.

"பிஎச் இறங்க வேண்டிய இடத்தில் ஏறுகிறது"

அமினோ அமிலத்தைத் தேடுங்கள். குளூட்டமேட், லைசின், அர்ஜினின் ஆகியவற்றின் கார்பாக்சிலை நீக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு புரோட்டான் செலவாகும். விளைபொருள் வெளியே போய்ப் புதுக் குளூட்டமேட் உள்ளே வரும். அர்ஜினின் டீஇமினேஸ் வழியோ இன்னும் தாராளம்: ஓர் அர்ஜினினுக்கு 1 ஏடிபியும் 2 அம்மோனியாவும். அமினோ அமிலம் தரும் பெப்டோனை எடுத்துவிட்டு வளர்த்தால் ஏற்றம் நிற்கும், அதுவே சாட்சி. ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜீனஸ் என்றால் பிழையே இல்லை. இரண்டு எதிர்மின் சுமையுள்ள ஆக்சலேட்டை உள்ளே வாங்கி, ஒரு சுமையுள்ள ஃபார்மேட்டை வெளியே விட்டு, நடுவில் ஒரு புரோட்டானையும் விழுங்கி, பம்பே இல்லாமல் அது விசை சேர்க்கிறது. குடுவை காரமாவதுதான் அதன் பிழைப்பு.

"கிளாஸ்ட்ரிடியம் கரைப்பான் தரவில்லை, அமிலத்தோடு நின்றுவிட்டது"

கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் முதலில் அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் சுரக்கும். அசிட்டேட் வழி குளுக்கோஸ் ஒன்றுக்கு 4 ஏடிபி, பியூட்டிரேட் வழி 3. பிஎச் 5-க்கு அருகே வந்ததும் சுரந்த அமிலத்தையே மறுபடி உறிஞ்சி அசிட்டோன், பியூட்டனால் என்ற கரைப்பான்களாக மாற்றும். பியூட்டனாலுக்கு 2 ஏடிபிதான். நஷ்டமான வியாபாரம், ஆனால் எலிப்பொறியிலிருந்து வெளிவரும் வழி அது.

இந்தத் திருப்பத்தைப் பிடிப்பதற்குள் அமிலம் முந்திக்கொண்டால் குடுவை விழும். பிரியாத அமிலங்கள் எல்லாம் சேர்ந்து 60 மில்லிமோலாரை நெருங்கினால் திரும்பும் வாய்ப்பு போய்விடுகிறது. பிஎச் 5.0-க்குக் கீழே இறங்காமல் தடுப்பு வையுங்கள், அல்லது வெப்பநிலையை ஓரிரு டிகிரி குறைத்து அமிலம் சேரும் வேகத்தைத் தணியுங்கள். 6.5-இல் கட்டிப்போட்டும் விடாதீர்கள். அப்போது திரும்ப வேண்டிய காரணமே செல்லுக்கு இருக்காது, அமிலமே சுரந்துகொண்டிருக்கும்.

தடுப்பு வைத்தும், அமிலம் 30 மில்லிமோலாரைத் தாண்டாதபோதும் ஒரு துளி பியூட்டனால்கூட வரவில்லை என்றால், பிஎச்சை மறந்துவிடுங்கள். கரைப்பான் மரபணுக்கள் பிஎஸ்ஓஎல்1 என்ற பெரிய பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ வளையம்) உட்கார்ந்திருக்கின்றன. குழாய்க்குக் குழாய் மாற்றி மாற்றி வளர்த்ததில் அது தொலைந்திருக்கும். அந்தப் பிளாஸ்மிட் போன செல், சூட்டைத் தாங்கும் வித்தும் உருவாக்காது. குடுவையை ஊற்றிவிட்டு, பழைய வித்துக் குப்பியை எடுத்து, 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி விதையுங்கள்.